குடும்ப ஜெபமும் வீட்டு வாழ்க்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆண்டவரே, இந்தப் பையன் எந்நேரமும் போனும் கையுமா இருக்கான், படிப்புல கவனமே இல்ல. அவனுக்கு நல்ல புத்தியைத் தாரும் சுவாமி." நம் வீடுகளில் இரவு ஜெபத்தில் அடிக்கடி காதில் விழும் விண்ணப்பம் இது. பக்கத்தில் முழங்காலில் நிற்கும் பையனுக்கு, இது தனக்கு விழுந்த திட்டு என்று நன்றாகவே தெரியும். அதுவும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத நேரத்தில் விழுந்த திட்டு. இப்படி நாலு தடவை நடந்தால் போதும், ஜெபம் என்றாலே அவனுக்குக் கசந்துவிடும். பக்தியுள்ள குடும்பங்களில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கண்டிக்க வேண்டியதை வேறு நேரத்தில், அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஜெபத்தில் அவன் பெயரைச் சொன்னால், அவனைத் தந்ததற்காக நன்றி சொல்லுங்கள். நாளைக்கு இருக்கும் கணக்குப் பரீட்சை, பேசாமல் போய்விட்ட நண்பன் என்று அவன் மனதை அரிக்கும் காரியத்தைக் கர்த்தரிடம் கொண்டுபோங்கள். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21 சொல்கிறது. பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் அதற்கு முந்தைய வசனம்தான். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது நேரம். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, சீரியல் முடிந்து, பத்து மணிக்குப் பாயை விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்தால் சின்னப் பிள்ளை தூங்கித்தான் விழும். அதற்கு அடிப்பது அநியாயம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கீர்த்தனை, ஒரு சிறு வேதபகுதி, ஆளுக்கு ஓரிரு வரி ஜெபம் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேரமே இல்லாத நாளில் 117ஆம் சங்கீதம் இருக்கிறது, இரண்டே வசனம்.

ஆதியாகமத்தில் தொடங்கி ஆளுக்கொரு வசனமாக வரிசையாக வாசிப்பது பல வீடுகளில் வழக்கம். பெரியவர்களுக்கு அது நல்ல பழக்கம். ஆனால் லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகப் பிரமாணத்தின் 59 வசனங்களை ஏழு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்? சின்னவர்கள் இருக்கும் வீட்டில் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்கள். வாசித்து முடித்ததும், "உனக்கு நடக்க முடியலன்னா உன்னை யாரெல்லாம் தூக்கிட்டு வருவாங்க?" என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளை பேச ஆரம்பிக்கும். "வீட்டுக்காரர் கூரைக்காகச் சண்டை போடலயா?" என்று திருப்பிக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். வேதத்தைக் கவனித்துக் கேட்டதால்தான் அந்தக் கேள்வி வந்தது.

அப்பா வரும்வரை காத்திருந்து கடைசியில் ஜெபமே இல்லாமல் படுப்பதும் உண்டு. அம்மாவோ பாட்டியோ நடத்தட்டும். இளம் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அப்போஸ்தலனாகிய பவுல் பெயர் சொல்லி நினைவுகூருவது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். ஆனால் வீட்டில் இருந்துகொண்டே அடுத்த அறையில் டிவி பார்க்கும் அப்பாவுக்கு இது சாக்கு ஆகாது.

இத்தனையும் சரியாக நடந்தாலும், மீதி நாள் வேறு மாதிரி இருந்தால் பலனில்லை. உபாகமம் 6:7, பிள்ளைகளோடு கர்த்தருடைய வார்த்தைகளைப் பேச வேண்டிய வேளைகளைச் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. அந்த வேளைகளில் நம் வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறது? ஞாயிறு ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டில் போதகர் ஐயாவின் பிரசங்கத்தைக் குறை சொல்கிறோம், சேகரத் தேர்தலில், அதாவது சபை நிர்வாகத்துக்கான தேர்தலில், யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று அலசுகிறோம். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடும் பிள்ளை சபையை எப்படி மதிக்கும்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பதும் அவன் கண்ணில் படும். "விசுவாசமுள்ள வரனைத் தாரும்" என்று வருஷக்கணக்கில் ஜெபித்துவிட்டு, வரன் வந்ததும் முதல் கேள்வியாகச் சாதியை விசாரிப்பது இதில் கொடுமையானது. பாடிய அத்தனை கீர்த்தனைகளையும் அந்த ஒரு கேள்வி பொய்யாக்கிவிடும்.

கணவனும் மனைவியும் காலையில் பிள்ளைகள் முன்பு சண்டை போட்டிருந்தால், ஒப்புரவாவதும் அவர்கள் முன்பே நடக்கட்டும். காணிக்கையை பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொன்னது. "நான் கத்தியது தப்பு, மன்னிச்சிடு" என்று அப்பா அம்மாவிடம் சொல்வதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு மன்னிப்பைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காணிக்கையிலும் ஒன்று உண்டு. கோயில் வாசலில் பிள்ளை கையில் பத்து ரூபாயைத் திணித்தால், அது நம் காணிக்கையாகவே இருக்கும். அவனுடைய சேமிப்பிலிருந்து அவனே எடுத்துவைக்கட்டும். சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியாக எடுத்துவைக்கும் வீடுகள் உண்டு. அங்கே பிள்ளையின் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லலாம்.

கல்லூரி வயதுப் பிள்ளை ஜெபத்துக்கு வரமாட்டேன் என்றால் என்ன செய்வது? ஃபீஸ் கட்டமாட்டேன் என்று மிரட்டாதீர்கள். ஜெபம் வழக்கம்போல நடக்கட்டும், அவனுக்கான இடமும் அப்படியே இருக்கட்டும். "உனக்காக என்ன காரியத்துக்கு ஜெபிக்கட்டும்?" என்று அவ்வப்போது கேளுங்கள். அவனுக்குள் சந்தேகம் இருந்தால், சபையில் அவன் மதிக்கும் ஒரு அண்ணனிடம் மனம்விட்டுப் பேச வழி செய்யுங்கள். "மகன் பின்வாங்கிட்டான், பாரமா ஜெபிச்சுக்கோங்க" என்று வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மறுநாள் சித்தி போன் செய்து அவனிடமே விசாரிப்பார். அதன்பிறகு அவன் உங்களிடம் எதையும் சொல்லமாட்டான்.