முழத்தை முழத்தால் அளக்கலாமா? ஒளியின் வேகத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து வந்த மருமகன் செல்போனை நீட்டினான். "மாமா, ஒளியோட வேகம் வருசாவருசம் குறைஞ்சிக்கிட்டே வருதாமே, இந்த கிராஃபப் பாருங்க."

கோடு அழகாகத்தான் இறங்கியது. 1849இல் ஃபிஸோ அளந்த விநாடிக்குச் சுமார் 3,13,000 கிலோமீட்டர், 1926இல் மைக்கேல்சனின் 2,99,796, இன்றைக்கு 2,99,792.458.

"ஏல, நடுவுல ரெண்டு புள்ளியக் காணோமே!"

1862இல் ஃபூக்கோவுக்குக் கிடைத்தது 2,98,000. 1935இல் வெளிவந்த அளவீடு 2,99,774. இரண்டுமே இன்றைய மதிப்பைவிடக் குறைவு. இறங்கிய வேகம் திரும்ப ஏறியதா என்ன? பல்சக்கரத்தைச் சுழற்றி அளந்த காலத்துப் பிழையை ஒளியின் தலையில் கட்டுகிறோம். கருவிகள் தேறத் தேற, எண்கள் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான தவறைப் படித்தவர்களே செய்கிறார்கள். "1983க்குப் பிறகு கடைசி இலக்கம்கூட மாறவில்லை, ஆகவே நிலையானதுதான்" என்பார்கள். மாறாது. ஏனென்றால் அந்த வருஷம்தான் மீட்டருக்கே புது இலக்கணம் எழுதினார்கள்: வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரமே ஒரு மீட்டர். நெல்லையப்பர் கோயில் வாசலில் பிச்சிப்பூ விற்கும் அம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தை நீட்டி அளப்பார். அவர் கையையே அவர் முழத்தால் அளந்தால் என்றைக்கும் ஒரு முழம்தான். கை வளர்ந்ததா என்று அறிய, பூத்தட்டு வைத்திருக்கும் பலகை எத்தனை கை நீளம் என்று எண்ண வேண்டும். அது விகிதம், மீட்டரும் வேண்டாம், முழமும் வேண்டாம்.

இயற்பியலிலும் அப்படி ஒரு விகிதம் உண்டு. எலக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளிவேகம் எல்லாம் சேர்ந்து வரும் நுண்ணமைப்பு மாறிலி. சுமார் 137இல் ஒரு பங்கு. எந்த அளவுகோலால் அளந்தாலும் இதே எண்தான். "மாறியதா" என்ற கேள்வியை இதனிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டும் பார்த்துவிட்டார்கள். கூடங்குளத்தில் நாம் பாடுபட்டுக் கட்டிய அணு உலையை, ஆப்பிரிக்காவின் கேபான் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில் யுரேனியத் தாதுவும் நிலத்தடி நீரும் சேர்ந்து ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தாமாக நடத்தியிருக்கின்றன. 1972இல் அது தெரியவந்தது. அந்த இயற்கை உலையில் சமாரியம் என்ற தனிமம் நியூட்ரானை எவ்வளவு விழுங்கியது என்ற தடயம் இன்னும் பாறையில் இருக்கிறது. அந்த மாறிலி கொஞ்சம் பிசகியிருந்தாலும் விழுங்கும் அளவு மாறி, கணக்கு இடித்திருக்கும். கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாற்றம் தெரியவில்லை. 1999இல் குவேசார் எனும் மிகத் தொலைவிலுள்ள விண்பொருள்களின் ஒளியை ஆராய்ந்த ஒரு குழு, லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் தெரிவதாகச் சொன்னது உண்மை. அது இன்னும் உறுதிப்படவில்லை.

குறுக்குத்துறையில் தாமிரபரணித் தண்ணீருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர்தான் போகும். அதைக் காட்டி "மாறுதே" என்று வாதாடுவோரும் உண்டு. பேச்சு வெற்றிடத்து வேகத்தைப் பற்றியது.

"அப்போ குரூப்புல இதப் போட்டவனுக்கு என்ன பதில் அனுப்ப?" என்றான் மருமகன்.

"அந்த ரெண்டு புள்ளியையும் வச்சு மறுபடி வரையச் சொல்லுல."