பாங்கொக்கில் வள்ளம் ஏறும்போது விடக்கூடாத பிழைகள்

போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் அக்கா பாங்கொக் போய் வந்த படங்களைக் காட்டினார். மிதக்கும் சந்தைப் படம் வந்ததும் முகம் வாடிவிட்டது. "வள்ளத்துக்கு மட்டும் எட்டாயிரம் பாத் தம்பி" என்றார். ஒரு பாத் நம் காசுக்குக் கிட்டத்தட்ட 9 ரூபாய். நாலு பேர் ஒரு மணித்தியாலம் வள்ளத்தில் இருந்ததற்கு எழுபதாயிரத்துக்கு மேல். எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் நானும் முதல் பயணத்தில் அதே பிழையைத்தான் விட்டேன். பாஸ்போர்ட் பத்திரம், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டாக்சிக்காரர் நிறுத்தும் இறங்குதுறையில் ஏறுவது

டம்னொன் சதுவாக் என்ற மிதக்கும் சந்தை பாங்கொக்கிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது. நான், அம்மா, சித்தி மூவரும் காரில் போனோம். சந்தைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு தனியார் இறங்குதுறையில் கார் நின்றது. இதற்கு மேல் வள்ளத்தில்தான் போகலாம் என்றார் டிரைவர். மேசையில் இருந்த பெண் கல்குலேட்டரில் 2000 என்று தட்டித் திருப்பிக் காட்டினார். வள்ளத்துக்கு என்று நினைத்துத் தலையாட்டினேன். அம்மாவைக் கைபிடித்து இறக்கி, பலகையில் இருத்திய பிறகு ரசீது வந்தது. அதில் 6000 என்று இருந்தது. ஆளுக்கு 2000 என்பதுதான் கணக்காம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஆடுகிற வள்ளத்திலிருந்து திரும்ப ஏற்ற மனம் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

காசு போனதைக் கூட மறந்திருப்பேன். இருபது நிமிடம் கால்வாயில் போய்ச் சந்தையை அடைந்தபோது, இரு கரையிலும் சனம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடந்து போனதே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. சந்தை வரை வீதி இருக்கிறது. கரையில் நடந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம், வாங்கலாம். ஆள் கொண்டுவரும் டிரைவருக்கு இறங்குதுறைக்காரர் கொமிஷன் கொடுப்பார். அது நம் கட்டணத்தில்தான் ஏறும்.

ஆகவே போனில் மெப்பைத் திறந்து வைத்து, சந்தைக்கே விடச் சொல்லுங்கள். பாங்கொக்கின் தெற்கு பஸ் நிலையத்திலிருந்து வானும் போகிறது. வள்ளத்தில் போக ஆசையென்றால் சந்தைக்குள்ளேயே பிடிக்கலாம். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எல்லாமாக எவ்வளவு என்று மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் காட்டி, அவர்கள் ஓம் என்ற பிறகே வள்ளத்தில் காலை வையுங்கள். வயதானவர்களை முதலில் இறக்கவே வேண்டாம். அவர்கள் இருந்துவிட்டால் அதற்குப் பிறகு உங்களால் பேரம் பேச முடியாது. அடாவடி செய்தால் சுற்றுலாப் பொலிஸ் இலக்கம் 1155.

கையில் எடுத்துப் பார்ப்பது

மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி மாதிரி ஒன்றால் உங்கள் வள்ளத்தைக் கடையோரம் இழுத்துவிடுவார்கள். பொருள் உங்கள் மடிக்கு வந்துவிடும். புறக்கோட்டையில் பேரம் பேசிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கே விலை படியாவிட்டால் இரண்டு அடி நடப்போம், கடைக்காரர் கூப்பிடுவார். வள்ளத்தில் நடக்க முடியாது, எப்போது நகர்வது என்பது துடுப்புக்காரர் கையில். யானைப் பொம்மையை ஒருமுறை தொட்டால் கல்குலேட்டர் வந்துவிடும், 800, 600, 450 என்று இலக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்து, "மை ஆவ்" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று அர்த்தம். அவர்களும் பிழைப்புக்காக வெயிலில் இருப்பவர்கள், சத்தம் போடத் தேவையில்லை.

வள்ளக்காரருக்கு பியர்

பாங்கொக்கின் மேற்குக் கரையான தொன்புரியின் கால்வாய்களில் ஒரு வியாபாரி பக்கத்தில் வந்து, உங்கள் வள்ளக்காரருக்கும் ஒரு பியர் வாங்கிக் கொடுக்கச் சொல்வார். வாங்கிக் கொடுத்த போத்தல் பல வேளைகளில் திறக்கப்படாமலே வியாபாரியிடம் திரும்பிப் போகும். அவருக்குக் கொடுக்க விரும்பினால் இறங்கும்போது கையில் காசாகக் கொடுங்கள்.

தட்டில் உங்கள் படம்

ஏறும்போது எடுத்த படத்தை ஒரு தட்டில் பதித்து, இறங்கும்போது நீட்டுவார்கள். வாங்கக் கட்டாயமில்லை.

தீவுப் பயணத்தில் "எல்லாம் சேர்த்து" என்பதை நம்புவது

தாய்லாந்தின் தெற்கே கடலில் இருக்கும் பி பி தீவுகளுக்கு வெளிநாட்டவரிடம் வாங்கும் தேசியப் பூங்காக் கட்டணம் பெரியவருக்கு 400 பாத், பிள்ளைக்கு 200. மலிவு டிக்கெட்டுகளில் இது சேராது, படகில் வைத்துத்தான் கேட்பார்கள். இன்னொன்று, அங்குள்ள மாயா குடாவை ஆகஸ்ட், செப்டெம்பரில் மூடிவிடுவார்கள். பிள்ளைகளின் ஆகஸ்ட் லீவுக்குத் திட்டம் போடுபவர்கள் காசு கட்ட முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றைப் பார்க்கத் தனி வள்ளம்

தேவையே இல்லை. பாங்கொக் நகருக்குள் ஓடும் சாவோ பிரயா ஆற்றில் செம்மஞ்சள் கொடி கட்டிய பொதுப் படகு சில பாத்துக்கு ஓடுகிறது. அடுத்த முறை அம்மாவை அதில்தான் கூட்டிப் போனேன். தா தியென் துறையில் இறங்கி, அக்கரைக்குப் போகும் சின்னப் படகில் வாட் அருண் கோயிலுக்குப் போனோம். சில்லறையை அம்மாவே எண்ணிக் கொடுத்தார்.