நீர் விதி வரைவுக்குக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர் தொடர்பான விதிகளைத் திருத்த அரசு வரைவு வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது, எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து போகும் கடிதங்கள் பலவும் 'ஊருணியை (ஊரின் குடிநீர்க் குளத்தை) தூர்வாரித் தர வேண்டும்' என்றே முடிகின்றன. அது மக்கள் குறைதீர் நாளில் கொடுக்க வேண்டிய மனு. வரைவுக்கான கருத்தில், எந்த உட்பிரிவு, அதிலுள்ள எந்தச் சொல் நம் ஊரை எப்படிப் பாதிக்கும், அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்பவை இருக்க வேண்டும். நான் முதன்முதலில் எழுதி அனுப்பிய நான்கு பக்கத்தில் ஓர் உட்பிரிவின் எண்கூட இல்லை.

வரையறைப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடுவதே இவற்றில் பெரிய தவறு. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலப்பரப்பு) உள்ள கண்மாய்களோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. பெயரை மட்டும் பார்த்து அச்சட்டத்தைத் துணைக்கு அழைத்தால் வாதம் அங்கேயே அடிபடும்.

ஊருணியின் நிலையும் இதுதான். செம்புறாங்கல் படித்துறை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பொட்டலில் பெய்யும் மழையைக் கொண்டுவரும் வரத்துக்கால், ஆள் தாண்டிப் போகுமளவு ஒடுங்கி, கோடையில் வெறும் மண்தடமாகக் கிடக்கும். 'நீர் தேங்கும் பரப்பு' என்று மட்டும் வரைவு சொன்னால், அந்தத் தடத்தில் மனைப்பிரிவு போடுவதைத் தடுக்க அந்த வரையறை உதவாது. ஆகவே 'வரத்துக்கால், நீர்ப்பிடிப்புப் பகுதி, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), போக்குக்கால் ஆகியவையும் அடங்கும்' என்ற வாசகத்தையே எழுதிக் கொடுத்து, புல எண்ணுடன் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் இணைக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் 'என் நிலம், என் தண்ணீர்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண்ணத்துக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் வேர் உண்டு என்றாலும், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுவதற்கு அதில் பதில் இல்லை. நிலத்தடி நீர் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்னும் எதிர்த்தரப்பினர் சிலர் 2003-ஆம் ஆண்டு மாநில நிலத்தடி நீர்ச் சட்டத்தை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது 2013-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

கெடுவைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. குறைந்தது 30 நாள் அவகாசம் என்பது மத்திய அரசு தன் சட்ட வரைவுகளுக்காக 2014-இல் வகுத்த கொள்கை. மாநில வரைவுக்கு அறிவிக்கையில் அச்சிட்டிருக்கும் நாளே கணக்கு. ஒரே கடிதத்தில் இருநூறு பேர் கையெழுத்திட்டாலும் சொல்லப்படுவது ஒரே கருத்துதான்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள், ஊரில் இருப்பவர்கள் எழுதியிருப்பார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களோ கிராம சபையில் பேசியதே போதும் என்று எண்ணுகிறார்கள். மார்ச் 22, உலக நீர் நாள் கூட்டத்தில் எவ்வளவு காரசாரமாகப் பேசினாலும், பேசியது உட்பிரிவு எண்ணோடு தீர்மானப் புத்தகத்தில் ஏறி, அதன் நகல் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் துறைக்குப் போக வேண்டும்.