வான் பெல்ற்றும் பிள்ளையின் கார் சீற்றும்: ஊருக்குப் போகமுன் பார்த்துவைக்க வேண்டியவை

கட்டுநாயக்காவில் விடியப்புறம் இறங்கி, பெட்டி எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகுதான் பிள்ளையின் கார் சீற் வானுக்குள் போகும். சிக்கலும் அப்போதுதான் வெளியில் வரும். பின் சீற்றில் பெல்ற் தொங்கும், அதைக் கொழுவுகிற பக்கிளைக் காணக் கிடைக்காது. சீற் கவருக்குக் கீழே எங்கேயோ அமுங்கிக் கிடக்கும். இல்லையென்றால் அங்கே இருப்பது இடுப்புப் பெல்ற் மட்டுமாக இருக்கும். யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல், ஏழெட்டு மணித்தியால ஓட்டம். சாரதி அவசரப்படுவார், பிள்ளை அழும், யாராவது ஒருவர் "மடியில வைச்சிருப்பம்" என்பார். கதை அதோடு முடிந்துவிடும்.

மடி எவ்வளவு தாங்கும் என்று ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் எதிலாவது மோதி அரை மீற்றருக்குள் நின்றால், உள்ளே இருப்பவர் மீது அவரவர் எடையைப்போல ஏறக்குறைய 20 மடங்கு விசை வரும். 10 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 200 கிலோவாக இழுக்கும். எந்தக் கையும் அதைப் பிடிக்காது. ஏ9 வீதியில் வான்கள் 50இல் ஓடுவதுமில்லை.

ஆகவே இது விமானநிலைய வாசலில் பார்க்கிற வேலை இல்லை. வானைப் பேசும்போதே பார்க்கவேண்டியது.

சாரதியிடம் கேட்கவேண்டிய வீடியோ

"பின் சீற்றில பெல்ற் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். பொய் இல்லை, ஆனால் அதில் உங்களுக்குப் பிரயோசனமும் இல்லை. வட்ஸ்அப்பில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளை இருக்கப்போகும் அதே இடத்தின் பெல்ற்றை முடிவுவரை மெதுவாக வெளியே இழுத்து, திரும்ப உள்ளே விட்டு, பிறகு பக்கிளில் கொழுவிக் காட்டவேண்டும். அந்த அரை நிமிடத்தில் நான்கு விசயங்கள் தெரிந்துவிடும்: பெல்ற் இரண்டு புள்ளியா (இடுப்புக்கு மட்டும்) மூன்று புள்ளியா (இடுப்புக்கும் தோளுக்கும்), எவ்வளவு நீளம், பக்கிள் வேலை செய்கிறதா, உள்ளே போகும்போது 'டிக் டிக்' சத்தம் வருகிறதா.

அந்தச் சத்தம் கனடா, அமெரிக்காவில் இருந்து வருகிறவர்களுக்கு முக்கியம். அங்கே ஓடும் கார்களில் பெல்ற்றை முழுதாக இழுத்து விட்டால் அது பூட்டிக்கொள்ளும். அதன்பின் உள்ளே போகுமே தவிர வெளியே வராது. உங்கள் கார் சீற்றை இறுக்கமாக வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பூட்டுத்தான். பழகிவிட்டதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஊரில் ஓடும் ஜப்பானிய வாகனங்களில் சிலவற்றில் இந்தப் பூட்டு உண்டு, பல வான்களில் இல்லை. இல்லாத பெல்ற் திடீர் பிரேக்கில் மட்டும்தான் பிடிக்கும், மற்ற நேரம் தளர்ந்து கொடுக்கும். சீற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பத்து வளைவு கடந்ததும் அது சரிந்திருக்கும்.

இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகளில் விற்கும் சீற்கள் அப்படிப் பூட்டாத பெல்ற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பலவற்றில் பெல்ற்றைப் பிடிக்கும் கவ்வி சீற்றிலேயே இருக்கும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு வரும் தலையிடி வேறு. பின்பக்கம் பார்க்கும் குழந்தைச் சீற்றில் இடுப்புப் பட்டி முன்னாலும் தோள்பட்டி சீற்றின் முதுகைச் சுற்றியும் போகும். அதற்கு நிறைய நீளம் வேண்டும், சில வாகனங்களில் பெல்ற் காணாது. வீட்டுக் காரில் சீற்றைக் கட்டி, வெளியே வந்திருக்கும் பெல்ற்றின் அளவை ரேப்பால் அளந்து சாரதிக்குச் சொல்லிவிடுங்கள். பெல்ற்றை நீட்டும் துண்டுகளைக் கார் சீற்றுக்குப் பாவிக்கக்கூடாது. பக்கிள் வரவேண்டிய இடம் மாறிவிடும். நீளம் காணாவிட்டால் வாகனத்தை மாற்றுங்கள், அல்லது வேறு சீற் கொண்டுபோங்கள்.

இரும்புக் கிளிப்பும் அது போகவேண்டிய இடமும்

வட அமெரிக்கச் சீற், பூட்டாத மூன்று புள்ளி பெல்ற், சீற்றிலும் கவ்வி இல்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் 'லொக்கிங் கிளிப்' வேண்டும். ஆங்கில எச் எழுத்தின் வடிவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தட்டை இரும்பு. பழைய சீற்களில் அடியிலோ முதுகிலோ கொழுவிக் கிடக்கும். புதியவற்றில் பெரும்பாலும் தருவதில்லை, சீற்றைச் செய்த நிறுவனத்திடம் கேட்டு எடுக்கவேண்டும். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

போடுகிற முறை இதுதான். பெல்ற்றைச் சீற்றின் பாதைக்குள்ளால் விட்டுப் பக்கிளில் கொழுவுங்கள். முழங்காலாலோ கையாலோ சீற்றை நன்றாக அழுத்தி, தோள்பட்டியை இழுத்து, இடுப்புப் பட்டியில் இருக்கும் தளர்வு முழுவதையும் எடுங்கள். இப்போது பக்கிளுக்குள் போகும் இரும்பு நாக்குக்குக் கிட்ட இரண்டு பட்டிகளையும் சேர்த்து விரலால் கெட்டியாகப் பிடியுங்கள். அந்தப் பிடியை விடாமலே பக்கிளைக் கழற்றி, நாக்கில் இருந்து இரண்டரை சென்ரிமீற்றருக்குள் கிளிப்பை இரண்டு பட்டியிலும் மாட்டி, திரும்பக் கொழுவுங்கள். இரண்டாம் முறை கொழுவக் கஷ்டமாக இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். சுகமாகக் கொழுவினால் பிடி நழுவியிருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். கிளிப்பைத் தள்ளி, தோள்பட்டியின் நடுவில் போட்டால் அதால் பலனில்லை; மோதும்போது வருகிற இழுவையில் வளைந்து கழன்றுவிடும்.

முதற்தடவை இதை இருட்டில் வானுக்குள் நின்று செய்யவேண்டாம். வீட்டுக் காரில் பெல்ற்றை முழுதாக இழுக்காமல், அதாவது பூட்டை எழுப்பாமல், நான்கைந்து தரம் செய்து பழகுங்கள்.

வானில் எந்த இடம்

ஹயஸ் வானில் நடைபாதையை மறைத்து மடித்து விரிக்கும் சின்னச் சீற்களை உடனேயே விட்டுவிடுங்கள். அவற்றில் கார் சீற் கட்டக்கூடாது. நிலையான நீளச் சீற்றின் ஓரத்தில் மூன்று புள்ளி பெல்ற் இருந்தால் அதுதான் இடம். ஊரில் வாகனம் வீதியின் இடதுபக்கம் போகும், வானின் இழுவைக் கதவும் இடதுபக்கம். கனடாவிலோ ஜேர்மனியிலோ வலது பக்கம் பிள்ளையை இறக்கிப் பழகியவர்கள் இங்கே இடது ஓரத்தைப் பார்க்கவேண்டும்; பஸ் உரசிக்கொண்டு போகும் பக்கத்தில் பிள்ளையோடு நிற்கவேண்டி வராது.

இடுப்புப் பெல்ற் மட்டும் உள்ள இடத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சீற்றின் கைநூல் சொல்லும். உள்ளே ஐந்து புள்ளி வார் உள்ள பல வட அமெரிக்கச் சீற்களை அதில் கட்டலாம். பூஸ்ரரை மட்டும் ஒருபோதும் முடியாது. பூஸ்ரர் பிள்ளையைக் கட்டிப்பிடிப்பதில்லை, உயர்த்தி மட்டும் விடுகிறது. பிடிக்கிற வேலை முழுவதும் வாகனப் பெல்ற்றுடையது. தோள்பட்டி இல்லாமல் பூஸ்ரரில் இருக்கும் பிள்ளை மோதலில் இடுப்பால் மடங்கி, பெல்ற் வயிற்றை வெட்டும். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு, 'சின்னதாய் இருக்கு, பெட்டிக்குள்ள போகும்' என்று மடிக்கும் பூஸ்ரரைக் கொண்டுபோகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முன் சீற்றில் காற்றுப்பை இருந்தால் பின்பக்கம் பார்க்கும் சீற்றை அங்கே வைக்கக்கூடாது. இதில் விதிவிலக்குத் தேடவேண்டாம்.

வானை விட சின்னக் கார் பல நேரம் சுகம். 2012க்குப் பிந்திய ஜப்பானியக் கார்களில், அக்குவா, வாகன்ஆர் போன்றவற்றில், பின் சீற்றின் இரண்டு ஓரத்திலும் ஐசோபிக்ஸ் கம்பிகள், அதாவது கார் சீற்றை வாகனத்தோடு நேராகக் கொழுவும் கம்பிகள், பெரும்பாலும் இருக்கும். முதுகும் குந்தும் சேருகிற இடுக்கில் விரலை விட்டால் பென்சில் தடிப்பில் இரண்டு இரும்பு தட்டுப்படும். நடுவுக்கு நடு 28 சென்ரிமீற்றர் இடைவெளி. கனடா, அமெரிக்கச் சீற்களின் பட்டிக் கொக்கிகளும் இதே கம்பியில் கொழுவும். நடு இடத்துக்கு ஆசைப்பட்டு இடது சீற்றின் கம்பி ஒன்றையும் வலது சீற்றின் கம்பி ஒன்றையும் சேர்த்துக் கொழுவுவது பிழை. முன்பக்கம் பார்க்கும் சீற்றுக்கு மேலே இழுத்துக் கட்டுகிற பட்டியும் வேண்டும். அதன் கொழுவி சில கார்களில் பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் பிளாஸ்ரிக் மூடிக்குள் இருக்கும், சிலவற்றில் சீற்றின் முதுகில். வானில் பெரும்பாலும் இராது. அதற்காகப் பொதி கட்டும் கொழுக்கியில் கட்டிவிடாதீர்கள், அது அந்த விசைக்குச் செய்யப்பட்டதில்லை. மேற்பட்டியோ, சீற்றில் இருந்து வாகனத் தரையில் ஊன்றும் தாங்குகாலோ கட்டாயம் என்று கைநூல் சொல்கிற சீற் என்றால் வேறு வாகனம்தான். தாங்குகால் நிற்கிற இடத்தில் தரைக்குக் கீழே பொருள் வைக்கும் பெட்டி இருக்கக்கூடாது, மூடி உடைந்து கால் இறங்கிவிடும்.

கட்டும்போது

ஊர் வாகனங்களில் சீற்றுக்கு மேல் றெக்சின் கவர், அதற்கு மேல் சில நேரம் பிளாஸ்ரிக் உறை. கார் சீற் அதில் வழுக்கும். உறையைக் கழற்றச் சொல்லுங்கள். கவரைக் கழற்ற முடியாவிட்டாலும் பக்கிள் வெளியே நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பக்கிள் சீற்றின் பிளாஸ்ரிக் விளிம்பில் மடங்கிக் கிடந்தால் இறுகாது, அடிபட்டால் உடையவும் கூடும். ஓர் இடம் தள்ளி வைத்துப் பாருங்கள். வாகனத்தின் தலையணை கார் சீற்றை முன்னே தள்ளினால், கைநூல் அனுமதித்தால், அந்தத் தலையணையைக் கழற்றி வையுங்கள்.

ஐரோப்பியச் சீற்றில் பெல்ற் போகிற பாதைக்கு நிறம் உண்டு: பின்பக்கம் பார்ப்பதற்கு நீலம், முன்பக்கத்துக்குச் சிவப்பு. சாய்வு காட்டும் கோட்டை வாகனம் சமதரையில் நிற்கும்போதுதான் பார்க்கவேண்டும். குழந்தை நிமிர்ந்துவிட்டால் தலை முன்னே விழுந்து மூச்சு அடைபடும்.

இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சீற்றின் தலைப்பகுதியை ஆட்டவேண்டாம், அது எப்போதும் ஆடும். பெல்ற் போகிற இடத்தில் பிடித்து இடம்வலமாகவும் முன்னாலும் அசையுங்கள். இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் கழற்றித் திரும்பக் கட்டுங்கள். பிள்ளையின் வார், பின்பக்கம் பார்த்தால் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே இருந்து, முன்பக்கம் பார்த்தால் சமமாக அல்லது சற்று மேலே இருந்து வரவேண்டும். காறை எலும்புக்கு மேல் வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்கவேண்டும். குளிர்நாட்டில் போட்டுவந்த தடித்த ஜக்கெற் பெட்டிக்குள் போகட்டும்.

கட்டி முடித்த பிறகுதான் பெட்டிகளை ஏற்றச் சொல்லுங்கள். பாரமானவை சீற் முதுகோடு ஒட்டிக் கீழே கிடக்கவேண்டும். பிள்ளையின் தலைக்குப் பின்னால் கூரைவரை அடுக்கினால் பிரேக் அடிக்கும்போது அவ்வளவும் முன்னே வரும்.

வழியில்

வான் சீற்றின் பஞ்சு அமுங்க அமுங்க பெல்ற் தளரும். முதல் ஒரு மணித்தியாலத்தில் ஒருமுறை, பிறகு புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று நிற்கிற இடமெல்லாம் அசைத்துப் பாருங்கள். கைக்குழந்தையை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து சீற்றில் வைத்திருக்கக்கூடாது, பிறந்து சில வாரமே ஆனதென்றால் இன்னும் குறைவு. பால் கொடுக்கவும் வாகனத்தை நிறுத்தித்தான் எடுக்கவேண்டும், ஓடும்போது இல்லை. வெய்யிலில் நிற்கும் வாகனத்தில் பக்கிள் இரும்பு தோலைச் சுடும். இறங்கும்போது சீற்றின் மேல் வெள்ளைத் துவாய் ஒன்றைப் போட்டுவிட்டு, திரும்ப ஏற்றமுன் இரும்பை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். பிள்ளை வெளியே இருந்தாலும் சீற் கட்டியபடியே இருக்கட்டும். கட்டாத வெறும் சீற் மோதலில் பறக்கும்.

ஊருக்குள் ஓட்டோவில் இது எதுவும் செய்யமுடியாது. சீற்றை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டுவது பாதுகாப்பு இல்லை, நெஞ்சில் கட்டும் பையும் மோதலுக்கு ஆனதில்லை. பிள்ளையோடு போகிற நாட்களைச் சேர்த்து, பெல்ற் உள்ள காரை நாள் வாடகைக்குப் பிடிப்பதே வழி. வாடகைக்காரரே சீற்றும் தந்தால் அடியில் பொறித்திருக்கும் காலாவதித் திகதியையும், பிளாஸ்ரிக்கில் வெளிறிய வெடிப்புக் கோடுகள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விபத்தில் பட்ட சீற்றா என்பதற்கு யாரும் உறுதி தரமுடியாது என்பதால் சொந்தச் சீற்றைக் கொண்டுபோவதே மேல். விமானத்தில் பொதியாகப் போடுவதானால் அது வந்த மட்டைப்பெட்டியில் போடுங்கள், கைநூலைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். இறங்கியதும் பெட்டியைத் திறந்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். உடைந்திருந்தால் முறையிடும் இடம் உள்ளேதான் இருக்கிறது.

வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கழற்றிய தலையணையைப் பழைய இடத்தில் போட்டு, லொக்கிங் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். அது கிடந்தால் அந்தப் பெல்ற் அடுத்துவரும் பெரியவருக்குச் சரியாகப் பொருந்தாது.