இலை உதிர்ந்த மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

இலையில்லாத மரத்தின் முன்னால் நின்றால் கண் நேராகப் பட்டைக்குத்தான் போகும். பலர் தவறுவதும் அங்கேதான். பட்டை வயதோடு மாறும்: இளம் வேம்பில் ஓரளவு வழவழப்பு, முதிர்ந்த வேம்பில் நெடுக்கு வெடிப்பு. ஆகவே இளங்கிளையிலிருந்து தொடங்குங்கள்.

பென்சில் தடிமனில் ஒரு சாண் நுனிக்கிளை போதும். இலைத் தழும்புகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா என்று முதலில் பாருங்கள். இது ஒன்றே பாதிப் பட்டியலைக் கழித்துவிடும். அடுத்து நுனிமொட்டு. ஆல், அரசு, அத்தி, பலா ஆகியவற்றில் கூர்மையான உறை மொட்டை மூடியிருக்கும்; உறை விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி வளையத் தழும்பு நிற்கும். கீறினால் பால் வடியும். பாலை மட்டும் நம்பக் கூடாது: சப்போட்டாவிலும் பால் உண்டு, வளையம் கிடையாது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளை நாற்கோணமாக, தழும்புகள் எதிரெதிராக இருந்தால் தேக்கா, கொய்யாவா? குருத்திலையை விரலிடையில் கசக்குங்கள்; சிவப்புக் கறை படிந்தால் தேக்கு. கொய்யாவில் பட்டை மெல்லிய தாளாக உரிந்து, அடியில் பச்சை கலந்த வழவழப்பான தோல் தெரியும்.

விதையைக் கிளையிலேயே தேடுங்கள். தரையில் கிடப்பது பறவையோ வௌவாலோ போட்டதாக இருக்கலாம். வாகை நெற்று வைக்கோல் நிறத்தில் தட்டையாக, காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சி நெற்று கருமையாக, தடித்து, உள்ளே பிசுபிசுக்கும். புங்கங்காய் மரத்தன்மையுடன் தட்டையாக இருக்கும். பெரும்பாலும் ஒரே விதைதான். வேம்பும் மலைவேம்பும்தான் அதிகம் குழப்புபவை. சதையைக் கழுவிவிட்டுக் கொட்டையைத் தடவுங்கள். வேப்பங்கொட்டை நீள்வட்டமாக, ஏறக்குறைய வழவழப்பாக, மெல்லிய ஓட்டுடன் இருக்கும். மலைவேம்பின் கொட்டை கல்போல் கடினமானது. நெடுக்கில் ஓடும் மேடுகள் விரலில் தட்டும். குறுக்கே அறுத்தால் பல அறைகள்.

பட்டையைக் கடைசியில், மார்பளவு உயரத்தில், பாசியில்லாத பக்கத்தில் பாருங்கள். வெட்டிப் பார்க்க வேண்டாம், அந்தக் காயத்தில் பூஞ்சை புகும். வழவழப்பான அடிமரத்தில் பட்டை பெரிய செதில்களாக உதிர்ந்தால் நீர்மருதாக இருக்கலாம். அதோடு ஐந்து இறக்கையுள்ள காயும் கிடைத்தால் சந்தேகமில்லை.

வேம்பா மலைவேம்பா என்று பார்க்கக் காயே அகப்படாவிட்டால், மொட்டுள்ள ஒரு கிளையில் நூல் கட்டிவைத்துத் துளிர்விடும்வரை பொறுத்திருங்கள். நடுக்காம்பு கிளைத்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் அமைந்த இரட்டைக் கூட்டிலை விரிந்தால் மலைவேம்பு. நடுக்காம்பிலேயே சிற்றிலைகள் நேராக அமைந்த ஒற்றைக் கூட்டிலையில் அவற்றின் ஓரம் ரம்பப் பல்லாக இருந்தால் வேம்பு.