ஆண்டுகளை வரிசையில் வைத்துப் பார்த்தல்: நவீன உலக வரலாற்றை நான் படிக்கக் கற்ற முறை

நவீன உலக வரலாற்றுப் பாடத்தில் நான் எழுதிய முதல் நீண்ட விடை, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது எப்படி என்பதைப் பற்றியது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கை தந்த அவமானம், 1923ஆம் ஆண்டின் கட்டுக்கடங்காத பணவீக்கம், ஹிட்லரின் பேச்சாற்றல் ஆகிய மூன்றையும் பத்தி பத்தியாக விவரித்து, பணவீக்கத்தில் சேமிப்பை இழந்த மக்கள் ஹிட்லரின் பக்கம் திரும்பினார்கள் என்று முடித்திருந்தேன். ஆசிரியர் அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட்டு, ஓரத்தில் “1928 தேர்தல்?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய மாலையில்தான் இந்தப் பாடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடத் தொடங்கியது. அன்று முதல் நான் பழகிய முறையை, இதே பாடத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தேர்தலை முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் பணவீக்கம் உச்சத்தைத் தொட்டது 1923 நவம்பரில். அப்போது ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதே மாதத்தில் மியூனிக் நகரில் ஹிட்லர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்று தோற்றார். அதே மாதத்தில் ரெண்டன்மார்க் என்ற புதிய நாணயமும் வந்தது. அதன் பிறகு விலைவாசி அடங்கியது, அமெரிக்கக் கடன் வந்தது, தொழில்கள் மீண்டன. நான்கரை ஆண்டுகள் கழித்து, 1928 மே மாதத் தேர்தலில், ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு 2.6 சதவீதம். நான் எழுதியது உண்மையாக இருந்திருந்தால், சேமிப்பை இழந்த அத்தனை பேரும் அந்தத் தேர்தலில் எங்கே போனார்கள்?

வரிசையைத் தொடர்ந்து பார்த்தபோது படம் மாறியது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மனிக்குக் கொடுத்திருந்த குறுகிய காலக் கடன்களை அமெரிக்க வங்கிகள் திரும்பப் பெறத் தொடங்கின. 1930 செப்டம்பரில் நாஜிகளின் வாக்கு 18.3 சதவீதமாக உயர்ந்தது. 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை 60 லட்சத்தை எட்டியது. அந்த ஜூலையில் வாக்கு 37.3 சதவீதம். ஆனால், அதே ஆண்டு நவம்பரில் நடந்த அடுத்த தேர்தலில் அது 33.1 சதவீதமாகக் குறைந்தது. ஹிட்லர் பிரதமராக நியமிக்கப்பட்டது 1933 ஜனவரி 30 அன்று, அதாவது அவருடைய கட்சிக்கு வாக்கு குறைந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கை அதற்கு இணங்க வைத்தவர்கள், ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிய முன்னாள் பிரதமர் பாப்பன் முதலிய பழமைவாதிகள்.

இப்படி அடுக்கிப் பார்த்ததும் ஒரு கேள்வி இரண்டாகப் பிரிந்தது. வாக்கு ஏன் உயர்ந்தது என்பது ஒன்று. வாக்கு சரியும்போது ஏன் நியமித்தார்கள் என்பது மற்றொன்று. என் பழைய விடையில் இரண்டாவது கேள்விக்கு இடமே இருக்கவில்லை. பணவீக்கத்துக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. குடியரசின் மீது நடுத்தர வர்க்கம் வைத்திருந்த நம்பிக்கையை அது அரித்திருந்தது. அடுத்த நெருக்கடி வந்தபோது பழைய காயம் மீண்டும் வலித்தது. ஆனால், அப்படி எழுதுவதற்கு, ஒரு காரணம் இத்தனை ஆண்டுகளைத் தாண்டி எப்படி வேலை செய்தது என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும்.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது இது. பாடநூல் தரும் காரணங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டையும், முடிந்தால் மாதத்தையும் குறியுங்கள். பிறகு விளைவின் தேதியைக் கீழே எழுதுங்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாடநூல்கள் காரணங்களை அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று தலைப்புவாரியாகப் பிரித்துத் தருவதால் கால வரிசை கலைந்துவிடுகிறது. அதை மீண்டும் கட்டுவது படிப்பவரின் வேலை. வரலாற்றில் ஆண்டுகள் முக்கியமில்லை, புரிதல்தான் முக்கியம் என்று பலர் சொல்வார்கள். இந்தக் கூற்றோடு நான் உடன்படவில்லை. எது முன், எது பின் என்று தெரியாமல் எதனால் எது நடந்தது என்று பேச முடியாது. ஒரு தலைப்புக்கு இருபத்தைந்து தேதிகள் போதும். அவற்றைத் தனித்தனியாக உருப்போடாமல், ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், மூன்றாவது முறையில் அவை தாமாகவே மனத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது பழக்கம் இதைவிடக் கடினமானது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். முடிவை மறந்துவிட்டுப் படிக்க வேண்டும். 1914ஆம் ஆண்டு ஜூலை மாதத்தைப் பற்றிப் படிக்கும் நமக்கு, ஆகஸ்டில் உலகப் போர் வெடிக்கும் என்பது தெரியும். அந்த மாதத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாது. இதை உணர, அந்த நாட்களை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். ஜூன் 28 அன்று சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை உறுதியளிக்கிறது. உடனே ஜெர்மானியப் பேரரசர் வழக்கமான கோடைக் கடற்பயணத்துக்குக் கிளம்பிவிடுகிறார். ஜூலை 20 முதல் 23 வரை பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருக்கிறார். அவர் அங்கிருந்து கப்பலேறிய பிறகே, 48 மணி நேரக் கெடுவுடன் ஆஸ்திரியாவின் இறுதி எச்சரிக்கை செர்பியாவிடம் கொடுக்கப்படுகிறது. பிரிட்டிஷ் அமைச்சரவையின் கவலையெல்லாம் அயர்லாந்தின் தன்னாட்சிச் சிக்கலைப் பற்றியது. பாரிஸ் செய்தித்தாள்களை நிறைத்துக்கொண்டிருந்தது, ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக் கொன்ற முன்னாள் பிரதமர் கையோவின் மனைவி மீதான வழக்கு. அவர் விடுதலையான ஜூலை 28 அன்றுதான் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது. அங்கிருந்து ஏழே நாட்கள்: ஜூலை 30 அன்று ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிடுகிறது, ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யா மீதும், 3 அன்று பிரான்ஸ் மீதும் போர் அறிவிக்கிறது, 4 அன்று பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியப் படை நுழைந்ததும் பிரிட்டனும் இறங்குகிறது.

இந்த அட்டவணையை எழுதி முடித்த இரவு, கூட்டணி முறை, ராணுவவாதம், ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்று நான்கு சொற்களில் நான் முன்பு கற்றிருந்த விடை எனக்கு மிகவும் மெலிந்ததாகத் தோன்றியது. அந்த நான்கும் 1912இலும் இருந்தன, 1913இலும் இருந்தன; பால்கனில் அப்போது போர்களும் நடந்தன; ஆனால், உலகப் போர் வெடிக்கவில்லை. அப்படியானால் 1914இல் மட்டும் என்ன வேறாக இருந்தது என்று கேட்கும்போது, யார் எந்த நாளில் எதை முடிவு செய்தார், வேறு எதை அவர் முடிவு செய்திருக்க முடியும் என்ற கேள்விகள் வந்து நிற்கின்றன. பொறுப்பு என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது. நீங்கள் அட்டவணை போடும்போது, நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் பக்கத்தில், “அன்று இது யாருக்குத் தெரியும்?” என்று மூன்றாவது நெடுவரிசை ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்த வெற்றிடம்தான் பாடம்.

அடுத்து, ஒரே காலத்தில் வேறு இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியைப் படித்தபோது பாரிஸை விட்டு என் கண் நகரவே இல்லை. 1789 ஆகஸ்ட் 26 அன்று வெளியான மனித உரிமைப் பிரகடனம் எல்லா மனிதர்களும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று சொன்னது எனக்கு மனப்பாடமாகவே தெரியும். அதே பிரான்சின் வசத்தில், கரீபியக் கடலில், சான் டொமிங்கு என்ற குடியேற்ற நாட்டின் கரும்புத் தோட்டங்களில் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794இல் பிரெஞ்சு மன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவர முயன்றார். அவர் அனுப்பிய படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற பெயரில் அந்த நாடு விடுதலையை அறிவித்தது. கதை அங்கும் முடியவில்லை. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, தோட்டக்காரர்களின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும், தங்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. கோபத்தோடு மீண்டும் 1789இன் பிரகடனத்துக்குப் போய், “மனிதர்” என்ற சொல்லுக்குள் அன்று யார் யார் இருந்தார்கள் என்று வரி வரியாகத் தேடினேன். ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும், அதே பத்தாண்டுகளில் குறைந்தது இரண்டு கண்டங்களில் என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது என்று எழுதும் கையை, 1937 ஜூலையிலேயே ஜப்பானோடு முழுப் போரில் இறங்கிவிட்ட சீனா தடுத்து நிறுத்தும்.

தேதிகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் நாட்காட்டியில் 1917 நவம்பர் 7 அன்று நடந்தது. அங்கு அப்போது 13 நாட்கள் பின்தங்கிய ஜூலியன் நாட்காட்டி வழக்கில் இருந்ததால் அது அக்டோபர் 25. 1918இல் நாட்காட்டியை மாற்றியபோது, ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. இரண்டு நூல்களில் தேதி முரண்பட்டால், பிழை என்று முடிவு செய்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

சான்றுகளைப் படிக்கும்போது, அதை எழுதியவர் யார் என்பதோடு, அது நம் கைக்கு எந்த வழியாக வந்தது என்றும் கேட்க வேண்டும். 1870 ஜூலை 13 அன்று எம்ஸ் என்ற ஊரில் பிரஷ்ய மன்னரைப் பிரெஞ்சுத் தூதர் சந்தித்தார். அந்தச் சந்திப்பு பற்றிய தந்தி பெர்லினில் இருந்த பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்கு வந்தது. அவர் அதை வெட்டிச் சுருக்கி, நாளிதழ்களுக்குக் கொடுத்தார். சுருக்கிய வடிவத்தில் மன்னர் தூதரை அவமதித்து அனுப்பியதுபோல் ஒலித்தது. ஆறு நாட்களில் பிரான்ஸ் போர் அறிவித்தது. இரண்டு வடிவங்களும் இன்று கிடைக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படிப்பதற்கு அரை மணி நேரம் போதும். சான்றாய்வு பற்றிய ஒரு முழுப் பாடத்தைவிட எனக்கு அந்த அரை மணி நேரம் அதிகம் கற்றுத் தந்தது. இதன் மறுபக்கம், சோவியத் ஒன்றியம் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த 1962 அக்டோபரின் கியூபா ஏவுகணை நெருக்கடி. துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக சோவியத் தரப்புக்கு ரகசிய உறுதி தரப்பட்டிருந்தது. அது பல ஆண்டுகள் மறைக்கப்பட்டதால், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மன உறுதிக்குச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் பணிந்தார் என்ற கதையே நிலைத்திருந்தது. எனவே ஒரு நூலை எடுத்தால் முதலில் அது வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அந்த ஆசிரியருக்கு எந்த ஆவணங்கள் திறந்திருந்தன என்பதை அது ஓரளவு சொல்லிவிடும்.

வரைபடம் இல்லாமல் இந்தப் பாடத்தைப் படிக்க முயல வேண்டாம். 1914இன் ஐரோப்பாவையும் 1923இன் ஐரோப்பாவையும் கையால் ஒருமுறை வரையுங்கள். ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, ஜெர்மனி, உதுமானியா என்ற நான்கு பேரரசுகள் மறைந்ததும், 1795 முதல் வரைபடத்தில் இல்லாதிருந்த போலந்து திரும்பி வந்ததும் விரல்களுக்கே தெரிந்துவிடும்.

எழுதும்போது, காரணங்களை “மேலும்”, “மற்றும்” என்று கோக்காமல், எது பின்னணி, எது உடனடித் தூண்டல், எது யாருடைய முடிவு என்று தரம் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும், ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய கூற்றாக இருக்கட்டும். பொருளாதார மந்தம் மக்களைப் பாதித்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகையால் அந்த வாக்கியத்தால் பயனில்லை. மந்தம் நாஜிகளுக்கு வாக்கைத் தந்தது, ஆட்சியைத் தரவில்லை என்று எழுதினால், அடுத்த வரியிலேயே சான்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

திருப்பித் தரப்பட்ட அந்த முதல் விடையைச் சில மாதங்களுக்குப் பிறகு நானாகவே மீண்டும் எழுதினேன். இம்முறை வெர்சாயில் தொடங்கவில்லை. 1932 நவம்பர் தேர்தலில், நாஜிக் கட்சி 34 இடங்களை இழந்த நாளில் தொடங்கினேன். அங்கிருந்து பின்னோக்கி 1930க்கும், அதற்கும் முன்னால் 1923க்கும் சென்று, கடைசியில் ஜனவரி மாதப் பேச்சுவார்த்தைகளுக்குத் திரும்பினேன். ஆசிரியர் இந்த முறையும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “பாப்பன் ஏன் அப்படி நம்பினார்?” இப்போது அதற்கான தேதிகளைத்தான் சேகரித்துக்கொண்டிருக்கிறேன்.