கடைவாய்ப்பல் வேர்க்குழலின் வளைவை அளப்பது எப்படி?

ஒரே பல், ஒரே எக்ஸ்ரே. ஒருவர் 30 டிகிரி என்கிறார், இன்னொருவர் 60 என்கிறார். இருவர் அளந்ததும் சரியாகவே இருக்கலாம், முறைதான் வேறு. அதனால் கோணத்தைக் குறிக்கும்போது முறையின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதலில் படம். வேர்க்குழலுக்குள், அதாவது பல் வேரின் உள்ளே ஓடும் மெல்லிய குழாய்க்குள், 15ஆம் எண் கே-ஃபைலை (குழலைச் சுத்தம் செய்யும் மெல்லிய உலோகக் கருவி) நுனித்துளை வரை (வேர்நுனியில் குழல் வெளியே திறக்கும் இடம்) செலுத்துங்கள். அதைவிடத் தடித்த ஃபைல் தன் விறைப்பால் வளைவை நிமிர்த்திவிடும். மெல்லியதன் நுனியோ படத்தில் சரியாகத் தெரியாது. ஃபிலிம் ஹோல்டர் வைத்து, சென்சார் பல்லின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். பிடுங்கிய பல் என்றால் பக்கத்தில் நீளம் தெரிந்த கம்பித் துண்டு ஒன்றை வையுங்கள். அளவுகோல் அதுதான்.

ஷ்னைடர் முறை (1971): குழலின் மேல்பகுதி அச்சு வழியே ஒரு நேர்கோடு. குழல் அந்தக் கோட்டை விட்டு விலகத் தொடங்கும் இடம் 'அ'. அங்கிருந்து நுனித்துளை 'ஆ' வரை இன்னொரு கோடு. முதல் கோட்டை 'அ'வைத் தாண்டிக் கீழே நீட்டினால் இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் குறுங்கோணமே விடை. 5 டிகிரி வரை நேர்க்குழல், 10 முதல் 20 வரை மிதமான வளைவு, 25க்கு மேல் கடுமையான வளைவு.

இமேஜ்ஜே மென்பொருளில் கோணக் கருவியால் மேல்கோடு, 'அ', 'ஆ' என்று வரிசையாகச் சொடுக்கினால் 150 போன்ற எண் வரும். அதை 180லிருந்து கழிக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். அதைவிடப் பெரிய பிழை 'அ'வைக் குறிப்பதில் வரும்: ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே கோணம் மாறிவிடும். படத்தைப் பெரிதாக்கிக் குறியுங்கள். சில நாள் இடைவெளி விட்டு, பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

ஃபைல் முறியுமா என்று கணிக்கக் கோணம் மட்டும் போதாது. ஒரே கோணம் நீண்டு மெதுவாகவும் வளையலாம், சட்டென்று ஒடிந்தும் வளையலாம். ப்ரூயட்டும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வளைவின் ஆரத்தைச் சேர்த்தது இதற்காகத்தான். ஆரம் சிறுத்தால், சுழலும் நிக்கல்-டைட்டானியம் ஃபைல் சீக்கிரம் களைத்து முறியும். ஆரத்தைக் கணக்கிட 'அ'–'ஆ' நாணின் நீளத்தை, ஷ்னைடர் கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுங்கள். நாண் 6 மி.மீ., கோணம் 30 என்றால் ஆரம் 6 மி.மீ. வளைவு வட்ட வில்லாகவே நுனிவரை போனால், ப்ரூயட் முறையில் (வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குழல் போகும் திசைகளுக்கு இடையிலான கோணம்) அதே குழல் 60 டிகிரி காட்டும். தொடக்கத்தில் சொன்ன குழப்பம் இதுதான்.

எஸ் வடிவக் குழலுக்கு ஒற்றைக் கோணம் ஏமாற்றும். இரண்டு வளைவுகளையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள்.

சாதாரண எக்ஸ்ரேயில் கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையிலான வளைவு தெரியாது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் மீசியல் (முன்பக்க வேரின்) குழல்களில் அது அடிக்கடி இருக்கும். பிடுங்கிய பல்லை 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுக்கலாம். நோயாளிக்கு வேறு காரணத்துக்காக ஏற்கெனவே சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்; கோணம் பார்க்க மட்டும் கதிர்வீச்சு கொடுக்கத் தேவையில்லை. குழலின் மேல்பகுதி செங்குத்தாக நிற்கும்படி படத்தைத் திருப்பி, இரு தளங்களிலும் அளக்கவும். இரு கோணங்களின் டேன் மதிப்புகளைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் உண்மைக் கோணத்தின் டேன் கிடைக்கும். 20ம் 25ம் சேர்ந்தால் ஏறக்குறைய 31 டிகிரி.